மாற்றாள் வராத ஷிப்டு

ஆவரங்குளத்து நூல் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. அதை எந்த மேனேஜரும் எழுதி ஒட்டவில்லை, எந்தச் சங்கமும் போராடி வாங்கவில்லை, ஆனாலும் வாசலில் ஊதுகிற சங்கைவிட அதற்குத்தான் அங்கே மதிப்பு: ஷிப்டு முடிந்து போகிறவள் தன் பிரேமின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, வருகிறவளைப் பார்த்து "பாத்துக்கோ" என்று சொல்ல வேண்டும், வருகிறவள் அதே பிரேமின் மேல் தன் கையை வைத்து "பாத்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் காதில் விழும்வரை போகிறவள் போக முடியாது. பிரேம் என்பது நூல் நூற்கிற நீளமான இயந்திரம், மில்லில் சைடு என்று சொல்கிற ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்நூறு கதிர் சுற்றும், இழை அறுந்துகொண்டே இருக்கும், ஓடி ஓடி ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் வார்த்தை வராமல் யாரும் தன் பக்கத்தை விட்டு நகர்ந்ததில்லை, மயங்கி விழுந்ததும் இல்லை.

மயங்கி விழுந்ததில்லை என்று சும்மா சொல்லவில்லை. ஓடைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம், மாற்றாளாக வரவேண்டிய மாலை ஷிப்டு ஆளும் வரவில்லை, ராத்திரி ஷிப்டு ஆளும் வரவில்லை, பதினேழாம் பிரேமின் மேற்குப் பக்கத்தில் நின்ற வேலுத்தாய் காலை ஏழு மணியிலிருந்து மறுநாள் காலை ஒன்பது மணிவரை கொதிக்கிற காய்ச்சலோடு நின்றாள். சூப்பர்வைசர் "உக்காரும்மா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். கடைசியில் முத்துராக்கு என்கிறவள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சேலை சொட்டச் சொட்ட உள்ளே வந்து, பிரேமில் கையை வைத்து, "பாத்துக்கிறேன்க்கா" என்றாள். அந்த "அக்கா" முடிவதற்குள் வேலுத்தாய் தரையில் கிடந்தாள். உடம்பு நூற்று நான்கு டிகிரி, இவ்வளவு நேரம் எப்படி நின்றாள் என்று டாக்டர் கேட்டார். மில்காரர்களுக்கு அதில் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அப்படிப்பட்ட வேலுத்தாய்க்கு நாற்பத்தைந்தாவது வயதில் நாள் தள்ளிப்போனது. நிற்கிற வயசுதானே, நின்றுவிட்டது போலிருக்கிறது என்று அவள் இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள். மூன்றாவது மாதம் மோர் வாசனைக்குக் குமட்டியபோதுதான், துணை சுகாதார நிலையத்து நர்சு ஸ்டெல்லாவிடம் போய், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டாள். ஸ்டெல்லா பரிசோதித்துவிட்டு இரண்டு கோடு விழுந்த பட்டையை அவள் கையிலேயே கொடுத்தாள். வேலுத்தாய் அதை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், பிறகு ஸ்டெல்லாவின் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அழுததில் சந்தோஷம் கால்பங்குதான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இரண்டு பிள்ளைகள் மூன்றாம் மாதத்திலேயே கரைந்துபோயின, ஒன்று ஏழாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. அதற்கப்புறம் பதினாறு வருஷம் ஒன்றுமில்லை. அவளும் அவள் புருஷன் சங்கையா கொத்தனாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஊர்க்காரர்களும் நாகரிகமானவர்கள், முகத்துக்கு நேரே கேட்பதை ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. இந்த வயதில் ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை வரும், பிள்ளை குறையோடு பிறக்க வாய்ப்பு கூட, நஞ்சுக்கொடி இடம் மாறி ஒட்டலாம், பெற்ற பிறகு ரத்தம் நிற்காமல் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்துக் கர்ப்ப அட்டையின் மேல் சிவப்பு முத்திரையைக் குத்தினாள்.

"வாராவாரம் அழுத்தம் பாக்கணும். தலை வலிச்சாலோ, கண்ணுல பூச்சி பறந்தாலோ, மேல்வயிறு வலிச்சாலோ, முகம் வீங்குனாலோ அந்த நிமிஷமே வரணும். விளங்குதாம்மா?"

"விளங்குது" என்றாள் வேலுத்தாய். வெளியே வந்து சங்கையாவிடம், "நான் பொழைக்க மாட்டேன் போலருக்கே" என்றாள். சங்கையா பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டு, "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்றார்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. அன்று வேலுத்தாய்க்கு இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. அவள் ஒரு கையைப் பிரேமின் மேலும், பாரம் தாங்காமல் மறு கையை வயிற்றின் மேலும் வைத்துக்கொண்டு, "பாத்துக்கோத்தா" என்றாள். முத்துராக்கு ஒரு கையைப் பிரேமில் வைத்தாள், ஐயோ பாவமே என்று மறு கையை அவள் வயிற்றில் வைத்து, "பாத்துக்கிறேன்க்கா, நீ போ" என்றாள். வேலுத்தாய் போய்விட்டாள். மினி பஸ் படியில் காலைத் தூக்கி வைத்தபோது அது லேசாக ஏறியது. குனிந்து பார்த்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த மில் சட்டை தொளதொளவென்று தொங்கியது, வயிறு இல்லை.

உள்ளே முத்துராக்கு ஐந்து மாத வயிற்றோடு நின்றாள். கத்துவதற்கு அவளுக்கு நேரமில்லை, ஒரே சமயத்தில் பதினான்கு இழை அறுந்திருந்தது. கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டு, மூன்று பிள்ளை பெற்ற பழக்கத்தில் காலை அகட்டி வைத்து, இழைகளை ஒட்டி முடித்தாள். பிறகு வாசலில் வந்து நின்ற வேலுத்தாயைப் பார்த்து, "பத்திரமா இருக்குக்கா, இப்பத்தான் ஒரு எத்து எத்துச்சு. காலையில தாரேன், போய் நல்லாத் தூங்கு" என்று இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னாள்.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மாற்ற வந்த ஆண்கள் பிரேமை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். முத்துராக்குவின் வயிற்றைப் பார்த்ததும் ஒவ்வொருவனும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தெரியாத்தனமாகக் கை பட்டு, பழக்கத்தில் வார்த்தையும் வந்துவிட்டால் வீட்டில் போய் என்ன சொல்வது என்ற பயம் அவர்களுக்கு. மறுநாள் காலை ஏழு மணிக்கு முத்துராக்கு சொன்னபடி வந்து, வேலுத்தாயின் கையைத் தன் வயிற்றில் வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள், வேலுத்தாயும் சொன்னாள், வயிறு வீடு திரும்பியது.

அதற்கப்புறம் நடந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை, ஏற்பாடுதான். தனியாகச் சுமந்தால் தாங்காது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கும்போது, ஒருத்தி சைடை ஒருத்தி பார்ப்பது மில்லில் புதுசா என்ன என்று பெண்கள் கேட்டார்கள். முத்துராக்குவுக்குத் திங்களும் வியாழனும், பதினேழாம் பிரேமின் கிழக்குப் பக்கத்தில் நிற்கிற ஜெபமாலைக்கு அவளுடைய வார லீவு நாளான செவ்வாயும் கூடவே வெள்ளியும், மற்ற நாள் பிள்ளைத்தாய்க்கே என்று முதலில் பிரித்தார்கள், பிறகு ஆள் கூடிக் கூடி வேலுத்தாய்க்கு ஞாயிறும் புதனும்தான் மிஞ்சியது. கல்யாணமாகாத பெண்கள் மில் காம்பவுண்டுக்குள் மட்டும் சுமக்கலாம், வாசலைத் தாண்டக் கூடாது என்று அவர்களுடைய அம்மாமார் வந்து பேசி முடித்துவிட்டுப் போனார்கள். சூப்பர்வைசர் பெரிய அளவுச் சட்டை ஒன்றைத் தைக்கக் கொடுத்து அதைப் பதினேழாம் பிரேமில் ஆணியடித்து மாட்டினார். மினி பஸ் கண்டக்டர் முன்சீட்டைக் காலியாகவே விட்டு, அன்றைக்கு யார் வயிற்றோடு ஏறினாலும் "சைடு வருது, வழிவிடு" என்று குரல் கொடுத்தார். ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தபோது யார் கைக்கு வளையல் போடுவது என்று கொஞ்ச நேரம் சத்தம் கிடந்தது, முடிவில் சுமந்த கை எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி போட்டார்கள், அந்த வாரம் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேல் கண்ணாடிச் சத்தம் கேட்டது. முத்துராக்குவின் வீட்டில் வயிறு புளிச்ச கீரை கேட்டது, ஜெபமாலையின் வீட்டில் சுட்ட கருவாடு கேட்டது, வேலுத்தாயிடம் திரும்பி வந்தால் ஒன்றுமே கேட்காமல் சுருண்டு கிடந்தது.

வேலுத்தாய்க்கு நிம்மதி இல்லை. வயிறு இருக்கும் நாளில், இந்த வலி எந்த வலி, ஏன் இன்னும் அசையவில்லை, பழைய ஏழாம் மாதத்தில் இப்படித்தானே அடங்கிப்போனது என்று பயந்தாள். வயிறு இல்லாத நாளில் அதைவிடப் பயந்தாள். தெருவில் நடக்கும்போது கை தானாக இடுப்புக்குப் போய் வெறுமையைத் தடவியது, அவள் பாதி வழியிலேயே நின்று போனை எடுத்தாள்.

"ஜெபமால, அசைஞ்சுச்சா?"

"இப்பத்தானக்கா கேட்ட. உருளுது. ரசம் குடிச்சேன், நல்லா உருளுது."

"குப்புறப் படுத்துறாத."

"படுக்க மாட்டேன்க்கா."

ஜெபமாலைக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஏழு வருஷம், இன்னும் ஒன்றும் தங்கவில்லை. செவ்வாயன்று வயிற்றை வாங்கினால் அவள் அதை நேரே கோயிலுக்குக் கொண்டுபோய் மாதா முன்னால் உட்கார்ந்துவிடுவாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, இவள் திருப்பித் தருவாளா என்ற எண்ணம் வேலுத்தாயை அரித்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் புதன்கிழமை காலையில் சங்கு ஊதுவதற்கு அரை மணி முன்னாலேயே மில் வாசலில் போய் நின்றாள். ஜெபமாலை ஒரு நாளும் ஒரு நிமிஷம்கூடப் பிந்தியதில்லை.

இதில் ஒரு தப்பு இருந்தது. அது இந்த மில்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு. நர்சு ஸ்டெல்லா கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை, செவ்வாயன்று வயிறு ஜெபமாலையிடம் இருக்கும். முதல் தடவை ஸ்டெல்லா அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, வயிறு எங்கே இருக்கிறதோ அங்கேதானே பார்க்க வேண்டும் என்று ஜெபமாலையின் கையில் சுற்றினாள். நூற்றுப் பத்துக்கு எழுபது. வேலுத்தாயின் அட்டையில் அதை எழுதினாள். அடுத்த வாரமும் அதே மாதிரி, அதற்கடுத்த வாரமும் அதே மாதிரி. எட்டாம் மாத முடிவில் அட்டை அவ்வளவு அழகாக இருந்தது, இருபது வயசுப் பெண்ணின் அட்டை மாதிரி. ஸ்டெல்லா அதை மற்ற கர்ப்பிணிகளிடம் எடுத்துக் காட்டினாள். சிவப்பு முத்திரை இருந்ததையே எல்லோரும் மறந்துபோனார்கள்.

வேலுத்தாய்க்குக் கால்மெட்டி கழலவில்லை. செருப்பு வார் பதிந்த இடம் சாயங்காலம்வரை பள்ளமாகவே கிடந்தது. காலையில் எழுந்தால் கண் இமை தடித்திருந்தது. தலை வலித்தது, தைலம் தேய்த்தாள், மறுநாளும் வலித்தது, கவலையில் வருகிற வலி என்று மறுபடி தைலம் தேய்த்தாள். வயிறு இல்லாத பொம்பளைக்குத் தலைவலி வந்தால் அது வெறும் தலைவலிதானே. சங்கையா ஒருநாள், "முகம் என்ன இப்படி உப்பிருக்கு?" என்று கேட்டார். "வயசாகுதுல்ல" என்றாள்.

ஒன்பதாம் மாதம் தொடங்கி மூன்றாவது நாள், வெள்ளிக்கிழமை. வயிறு ஜெபமாலையிடம் காலை ஷிப்டில் இருந்தது, வேலுத்தாய்க்குப் பிரசவ லீவு தொடங்கியிருந்தது. மதியம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தவளுக்கு, வெல்டிங் பட்டறைக்கு முன்னால் நிற்கிற மாதிரி கண்ணுக்குள் பொறி பறந்தது. நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் பிடித்து இழுத்தது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்தாள். சாப்பிட வந்த சங்கையாவை நிமிர்ந்து பார்த்து, "கூட யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றாள். சங்கையா தனியாகத்தான் வந்திருந்தார்.

அவர் போன் செய்து ஸ்டெல்லா ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். வந்ததும், "வயிறு யார்கிட்ட?" என்றாள்.

"ஜெபமாலைகிட்ட."

"அப்ப இவங்களுக்கு என்ன?" என்று சொல்லிக்கொண்டேதான் வேலுத்தாயின் கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்றெண்பதுக்கு நூற்றிருபது. காற்றை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு கர்ப்ப அட்டையை வாங்கி, அந்த அழகான எண்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள், அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வயித்தப் பாத்தேன், இவளப் பாக்கல" என்றாள். நாலு மாதமாக அத்தனை பேரும் பாரத்தைத்தான் பங்கு போட்டிருந்தார்கள், ஆபத்து ஒரு நாள்கூட வீடு மாறவில்லை.

பெரியாஸ்பத்திரியில் வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள், அழுத்தம் இறங்க மருந்து ஏற்றினார்கள், இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. டாக்டரம்மா சொன்னாள், "பிள்ளை வெளிய வந்தாத்தான் இது இறங்கும். பிள்ளை எங்க?"

பிள்ளை பதினேழாம் பிரேமில் இழை ஒட்டிக்கொண்டிருந்தது. முத்துராக்கு லீவு ஷிப்டு எதையும் பார்க்காமல் ஓடிப்போய், வயிற்றில் கை படாமல் பிரேமில் மட்டும் கை வைத்து ஜெபமாலையை விடுவித்தாள். அந்தப் பிரேமை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஜெபமாலை ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள், தலையெல்லாம் பஞ்சு.

ஆபரேஷன் அறைக்கு வெளியே, ஸ்ட்ரெச்சரில் கிடந்த வேலுத்தாயைச் சுற்றி நின்று பேசினார்கள். முதலில் பேசியது முத்துராக்கு. "டாக்டரம்மா, இவ சின்ன வயசு, நல்ல உடம்பு. இவளே பெத்துக் குடுக்கட்டும். அக்கா மேல கத்தி வைக்க வேண்டாம்."

டாக்டரம்மா ஜெபமாலையையும் பார்த்தாள், வேலுத்தாயையும் பார்த்தாள். "நோய் இந்தம்மா உடம்புல இருக்கு. பிள்ளை அங்க பிறந்தா அழுத்தம் இங்க இறங்குமான்னு எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இந்தம்மாவை ஆபரேஷன் பண்ணுனா ரத்தம் நிக்காமப் போற ஆபத்து இருக்கு, அதையும் சொல்லிடுறேன். நேரம் இல்ல."

ஜெபமாலை வேலுத்தாயின் காதுப் பக்கம் குனிந்தாள். "நான் பெத்துத் தாரேன்க்கா. தந்துருவேன்க்கா. மாதா மேல சத்தியமாத் தந்துருவேன்."

வேலுத்தாயால் அவளை நம்ப முடிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆறு மாதமாக எந்த ஆபரேஷன் மேஜையை நினைத்து நினைத்துப் பயந்தாளோ அந்த மேஜையில் படுக்காமலேயே பிள்ளையைக் கையில் வாங்கலாம், சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். உயிர் மேல் ஆசை இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அழுத்தம் இறங்காவிட்டால்? இவள் பெற்று, தான் போய்ச் சேர்ந்து, இரண்டும் நடந்துவிட்டால்? அவள் ஜெபமாலையின் மில் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கொண்டா ஜெபமால. அது என் சைடு."

ஜெபமாலை அழுதுகொண்டே வேலுத்தாயின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "பாத்துக்கோக்கா" என்றாள்.

"பாத்துக்கிறேன்."

ஸ்ட்ரெச்சரின் மேல் போர்வை எழுந்தது. உள்ளே தள்ளினார்கள். கதவருகில் வேலுத்தாய் எட்டி முத்துராக்குவின் மணிக்கட்டைப் பிடித்தாள், அந்தக் கையைத் தன் வயிற்றை நோக்கி இழுத்துக்கொண்டு சொன்னாள், "எனக்கு எதும் ஆச்சுன்னா பிள்ளயப் பாத்துக்கோ."

பதினெட்டு வருஷப் பழக்கம், முத்துராக்குவின் வாய் தானாகத் திறந்தது. சொல் பல்லுக்குப் பின்னால்வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு வெள்ள வருஷம் ஞாபகம் வந்தது, தான் சொன்ன வார்த்தை முடிவதற்குள் இவள் தரையில் கிடந்தது ஞாபகம் வந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கையை உருவிக்கொண்டு, "மாத்தாள் வரலக்கா. நீயே நில்லு" என்றாள். கதவு மூடியது.

உள்ளே இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், வேலுத்தாய்க்கு நினைவு இருந்தது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. ஏதோ இழுத்தார்கள், பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு பிள்ளை அழுதது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கேட்காத சத்தம். "பொம்பளப் பிள்ள" என்றார்கள். அவள் கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டே இருக்கும்போது அழுகை வெளியே தூரமாகப் போனது, துணிக்கு அந்தப் பக்கத்தில் குரல்கள் வேகமாகின, கர்ப்பப்பை சுருங்கவில்லை என்றார்கள், இன்னும் ரத்தம் கொண்டுவா என்றார்கள், அவளுக்குக் குளிர்ந்தது, இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்ற கால்போல உடம்பு முழுக்கக் கனத்தது, தூக்கம் வந்தது. வெள்ளத்தன்று வந்த அதே தூக்கம். யாராவது வந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் விழுந்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

வெளியே நடந்ததைப் பிற்பாடு அவளுக்கு இருபது வாய் இருபது விதமாகச் சொன்னது, ஆனால் விஷயம் ஒன்றுதான். நாலேகால் மணிக்குக் கதவு திறந்தது. ஒரு நர்சு துணியில் சுற்றிய பிள்ளையோடு வந்து, "அம்மாவுக்கு ரத்தம் நிக்கல, உள்ள ஆள் போதாது, யாராச்சும் பிள்ளைய வாங்கிப் பாத்துக்கோங்க" என்று நீட்டினாள். காலை ஷிப்டு முடிந்து வந்திருந்த பெண்கள் இருபது பேரும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

"வாங்குங்கம்மா."

ஒருத்தியும் அசையவில்லை. பிள்ளை கத்தியது. சங்கையா, பாவம், கொத்தனார்தானே, அவருக்கு மில் வழக்கம் என்ன தெரியும், கண்ணீரோடு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போய், "குடுங்கம்மா, நான் பாத்து..." என்று தொடங்கினார். முத்துராக்கு பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். ஊர்க் கொத்தனாரை, மூத்தவரை, சுவரோடு சுவராகச் சாய்த்து, "அண்ணே, கும்பிடுறேன், அந்த வார்த்தையச் சொல்லிறாதீங்க, சொன்னா அக்கா விழுந்துரும்" என்றாள்.

நர்சுக்குக் கோபம் வந்தது. "என்ன ஜென்மங்கய்யா நீங்க? பொம்பளப் பிள்ளன்னா வாங்க மாட்டீங்களா?"

"ரத்தம் வேணும்னா எடுத்துக்கோங்க தாயி" என்றாள் முத்துராக்கு. அதற்கு எல்லோரும் கையை முன்னால் நீட்டினார்கள், வளைகாப்பு வளையல் போட்ட கைகள், சேர்கிற ரத்தம் உள்ளவர்கள் அப்போதே வரிசையில் போய் நின்றார்கள். பிள்ளையை மட்டும் யாரும் தொடவில்லை. ஜெபமாலை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழ அழ அவள் முதுகு குலுங்கியது. வாங்கச் சொல்லி யாராவது இன்னொரு தடவை கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன் என்று அவளே பின்னால் சொன்னாள்.

நர்சு வேறு வழியில்லாமல் கத்துகிற பிள்ளையைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள், வேலுத்தாயின் தலைமாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டியில் கிடத்தினாள்.

வேலுத்தாய்க்கு அழுகை திரும்பி வந்தது கேட்டது. போனது ஏன் திரும்பி வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. யாரும் தட்டிக்கொடுக்கவில்லை, யாரும் ஓராட்டவில்லை, அது பாட்டுக்கு அழுதது. அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வார்த்தை வரவில்லை. அறுந்த இழை அறுந்தபடியே கிடந்தால் அவளுக்குத் தாங்காது, அது அவளுடைய சுபாவம். மூடப்போன கண்ணைத் திறந்து, தலையை அந்தப் பக்கம் திருப்பி, குரலே இல்லாத குரலில், "அழாதத்தா, நிக்கேன்" என்றாள். நிமிஷங்கள் போயின. துணிக்கு அந்தப் பக்கம் யாரோ, சுருங்குது, சுருங்குது என்றார்கள். ஐந்தரை மணிக்கு ரத்தம் நின்றது.

மூன்றாம் நாள் வார்டில் அழுத்தம் ஒருவழியாக இறங்கியபிறகு, அவள் முத்துராக்குவைப் பார்த்து, "ஏன்டி, ஒருத்திகூட எம் பிள்ளய வாங்கலயாமே" என்றாள். முத்துராக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "மாத்தாள் வரலன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள். ஸ்டெல்லா அந்தப் பழைய அட்டையைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் தலைவலி என்று யார் வந்தாலும், வயிறு இருக்கிறதோ இல்லையோ, முதலில் கையைத்தான் பிடிக்கிறாள்.

பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. ஒல்லி, பிடிவாதக்காரி, சங்கு ஊதினால் எங்கே இருந்தாலும் ஒரு துள்ளு துள்ளுகிறாள். அவளை இடுப்பில் தூக்காதவள் அந்த ஊரில் கிடையாது, அவளுக்குச் சோறு ஊட்டாத வீடு கிடையாது, பிறகு ஜெபமாலைக்குச் சொந்தமாக ஒன்று பிறந்தும், முதல் வாய் இவளுக்குத்தான் போகிறது. போன மாதம் ஒருநாள் வேலுத்தாய்க்குக் காய்ச்சல் வந்தது. ஐம்பத்துமூன்று வயதில் வருகிற காய்ச்சல், எலும்பெல்லாம் வலித்தது. பாயை விரித்துக்கொண்டு, பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த ஜெபமாலையிடம், "இவளக் கொஞ்சம் பாத்துக்கோ, ஒரு கண் தூங்கி எந்திரிக்கேன்" என்றாள்.

"பின்னி விடுறேன், குளிப்பாட்டி விடுறேன், ராத்திரிக்கு என் வீட்டுலயே படுக்கப் போடுறேன்" என்றாள் ஜெபமாலை. "அந்த வார்த்தைய மட்டும் எங்கிட்ட எதிர்பாக்காத."

வேலுத்தாய் அவளைத் திட்டிக்கொண்டே, அரைக்கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தாள்.